நிறுத்தாதம்மா

“உதடெல்லாம் மரத்துப்போகுதும்மா. விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

ரத்த வங்கி டெக்னீஷியன் எட்டிப் பார்த்தாள். மெஷின், சாய்வு நாற்காலியில் படுத்திருந்தவருடைய ரத்தத்தை இழுத்துச் சுழற்றி, அவர் தம்பிக்கென்று கேட்ட தட்டணுக்களை மட்டும் பையில் சேர்த்துவிட்டு, மிச்சத்தை அவருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பை பாதிகூட நிறையவில்லை.

“பயப்படாதீங்கண்ணே. குழாய்க்குள்ள ரத்தம் உறையாம இருக்க சிட்ரேட் கலக்குறோம். எலுமிச்சம்பழத்துல சிட்ரிக் அமிலம் இருக்கே, அதுக்கு உறவுக்காரன். உள்ள வந்ததும் உங்க கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்குவான், அதான் மரத்துப்போகுது. கல்லீரல் சீக்கிரமே அவனைச் செரிச்சிடும். அதுவரைக்கும் இந்தக் கால்சியம் மாத்திரையை மெல்லுங்க.”

மெஷினின் வேகத்தையும் குறைத்தாள். அப்படியும் அவர் விரல்கள் மடங்கத் தொடங்கின.

அப்போதுதான் அவர் நெஞ்சைக் கவனித்தாள். ஓடி வந்தவருடையதைப் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“ஆளு மலை மாதிரி இருக்கீங்க, ஒரு ஊசிக்கா இந்த மூச்சு? இப்படி வாங்கினா ரத்தத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும்ணே. அது குறைஞ்சா, மிச்சம் மீதி கால்சியமும் புரதத்தோட போய் ஒட்டிக்கும். சிட்ரேட் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்னு இழுத்தா கால்சியம் பாவம் என்ன பண்ணும்?”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“கை இழுத்துக்கிச்சுன்னா நிறுத்திடுவேன். அப்புறம் இந்தப் பாதிப் பை யாருக்கும் பத்தாது.”

“நிறுத்தாதம்மா!” தலையைத் தூக்கிவிட்டார். “எப்படி மூச்சு விடணும், சொல்லு.”

“என்கூடவே விடுங்க. மெதுவா இழுங்க... அதைவிட மெதுவா விடுங்க. தம்பி முகத்தை நினைச்சுக்குங்க.”

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வழிக்கு வந்தது. விரல்கள் விரிந்தன. பை நிறைந்தது.

ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தினாள். “சாதிச்சிட்டீங்கண்ணே! தம்பி பேரை எழுதி இப்பவே வார்டுக்கு அனுப்பிடறேன். நாளைக்கே எழுந்து உட்கார்ந்து உங்ககூடச் சண்டை போடுவார், பாருங்க.”

“தம்பி பேர் வேண்டாம்மா. வார்டுல அவனுக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு பிள்ளை இருக்கு, அதே குரூப்தான். ஆள் கிடைக்காம அதோட அம்மா அழுதுக்கிட்டிருக்காங்க. அந்தப் பேரை எழுது.”

“அப்ப உங்க தம்பிக்கு?”

“நான் இங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் போயிட்டான். சொல்லியிருந்தா நீ ஊசி குத்தியிருக்க மாட்டே.”