நான்கு திருகுகள்

திருகினாலே பற்றிக்கொள்ளும் புது அடுப்பில் நான்கு பர்னர்களும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு எனச் சதுரமாக அமைந்திருந்தன. அவற்றின் திருகுகளோ ஒரே வரிசையில் நின்றன. எந்தத் திருகு எந்த பர்னருக்கு என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"இன்னிக்கும் மாத்தித் திருகிட்டியா? படிச்சவதானே நீ?" என்று கணவன் தினமும் சிரிப்பான். அடையாளத்துக்கு அவள் ஒட்டிய ஸ்டிக்கர்களையும் உரித்துப் போட்டான்.

"மூளை இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவனின் முதலாளி வீட்டுக்கு வந்தார். தேநீரைத் தன் கையால் போட்டுக் குடித்தால்தான் அவருக்குத் திருப்தி. அது அவளுக்குத் தெரியும். பால் பாத்திரத்தை முன் பர்னரில் வைத்தாள். பிளாஸ்டிக் சர்க்கரை டப்பாவைப் பின் பர்னரின் மேல் வைத்தாள்.

"நீங்களே போடுங்க சார்."

"இருங்க சார், நான் பத்த வைக்கிறேன்!" என்று கணவன் பாய்ந்து வந்தான்.

"விடுங்க. சார் படிச்சவர், அவருக்குத் தெரியாதா?"

முதலாளி ஒரு திருகைத் திருப்பினார். பால் அப்படியே கிடந்தது. பின்னால் டப்பா உருகிப் புகைந்தது.

"எந்த மடையன்யா இதை டிசைன் பண்ணான்?" என்று இருமிக்கொண்டே கத்தினார்.

அவள் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பணிவாகச் சொன்னாள்:

"இன்னும் கடைக்கு வரலை சார். உங்க கம்பெனி சோதிச்சுப் பார்க்கச் செஞ்ச சாம்பிள் அடுப்புதான். நாளைக்கு நீங்க இதுக்குத்தான் சம்மதம் சொல்லணுமாம். டிசைன் பண்ணவர் உங்க பின்னாடிதான் நிக்கிறார்."

பிறகு கணவனிடம் திரும்பினாள்.

"ஸ்டிக்கர் ஒட்டட்டுமாங்க?"