ட்ரூமன் சீட்டு

1948 நவம்பர். தென் கரோலினாவின் ஒரு சிற்றூர் நீதிமன்றக் கூடத்தில் ஜனாதிபதித் தேர்தல் நடக்கிறது. மறைவுக்கு ஒரு திரை கூட இல்லை. வாக்குச்சீட்டுகளைக் கட்சிக்கு ஓர் அடுக்காக மேசைமேல் வைத்திருக்கிறார்கள். யார் எதை எடுக்கிறார் என்று ஊரே பார்க்கலாம். கறுப்பரும் வெள்ளையரும் கலக்கவே கூடாது என்று முழங்கிப் போட்டியிடும் மாநில ஆளுநரின் அடுக்கு பாதி கரைந்துவிட்டது. கறுப்பருக்கும் உரிமை வேண்டும் என்ற ஜனாதிபதி ட்ரூமனின் அடுக்கு கை படாமல் கிடக்கிறது. வரிசையில் நிற்கிற நாலைந்து கறுப்பர்களில் ஓர்லீனாதான் முதல் ஆள். மேசைக்குப் பின்னால் தேர்தல் அலுவலராக வெள்ளைக்கார ஹாஸ்கல் உட்கார்ந்திருக்கிறார்; பல வருடமாக அவள் சமைத்துப்போடுவது அவர் வீட்டில்தான். ஜன்னல் வெயில் பட்டு அவருடைய மூக்குக்கண்ணாடி பளபளக்கிறது, கண்கள் தெரியவில்லை.

"என்ன யோசனை ஓர்லீனா? நம்ம வீட்ல எல்லாரும் இதத்தான் எடுத்தோம்" என்று ஆளுநரின் அடுக்கை விரலால் தட்டுகிறார். சுவரோரம் நிற்கும் ஆண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் கை நீள்கிறது, அந்த அடுக்கைத் தாண்டிப் போகிறது.

"அது உங்க வீட்டுக்குங்க ஐயா. நான் என் வீட்டுக்கு எடுக்கிறேன்."

ட்ரூமன் சீட்டு மடிந்து பெட்டிக்குள் விழுகிறது.

"நாளைலேர்ந்து சமையலுக்கு வராத."

"சரிங்க ஐயா."

மாநிலம் ஆளுநர் பக்கம்தான் சாயும் என்று அவளுக்கும் தெரியும். வாசல் வரை நிமிர்ந்தே நடக்கிறாள். வெளிப்படியில் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொள்கிறாள். உள்ளே, வரிசையில் அவளுக்கு அடுத்து நின்ற முடிதிருத்தும் ஏமஸின் குரல் கேட்கிறது:

"எனக்கும் அவ எடுத்ததுலேர்ந்தே ஒண்ணு குடுங்க ஐயா."