முன்னூற்றெண்பது மீட்டர்

சைக்கிளை விட்டு இறங்கிய அளவுக்காரரின் முகம், இழவு சொல்ல வந்தவர் முகம் போல இருந்தது.

“குறையுது சார்.”

“எதுய்யா குறையுது?” என்றார் பெரிய இன்ஜினியர்.

“மாரத்தான் பாதைதான். முன்னூத்தி எண்பது மீட்டர் குறையுது.”

பெரிய இன்ஜினியர் அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அன்று காலைதான் மஞ்சள் பெயின்ட் அடித்த விளிம்பு அது. உலகப் போட்டிக்காக அந்த நகரத்தில் அசையாமல் நின்ற எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்தாயிற்று. ஒரு வாட்ச்மேன் நின்றபடியே கண்ணயர்ந்ததில் அவருக்கும் ஒரு கோட் விழுந்தது.

போட்டிக்கு இன்னும் ஆறே நாள். அதற்கு முந்தின நாள் வெளிநாட்டு ஆய்வாளர் வந்து பாதையைத் தானே அளப்பார். ஒரு மீட்டர் குறைந்தாலும் ஓட்டம் செல்லாது. “பாதை குறைஞ்சா உங்க தலையும் குறையும்” என்று மேயர் ஏற்கெனவே இன்ஜினியரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

“ஒழுங்கா அளந்தியாய்யா?”

“ரெண்டு தடவை சார். முன் சக்கரத்துல மாட்டின கருவிதானே எண்ணுது, நானா எண்ணுறேன்?” அளவுக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “சார்... இந்த வாரம் எனக்கு லீவு வேணும். வீட்டுல நாள் நெருங்குது. போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது.”

“இங்கே என் தலை போகுதுங்கிறேன், உனக்கு லீவு கேக்குதா?”

அளவுக்காரர் ஜீப்பிலிருந்து வரைபடத்தை எடுத்து வந்தார்.

ஜீப்பின் மூக்கின் மேல் வரைபடத்தை விரித்தார்கள். பாதையைத் தெற்கே நீட்டினால் ஆறு. வடக்கே நீட்டினால் ரயில்வே கேட்; உலகச் சாம்பியன் கூட்ஸ் வண்டி போகும்வரை நின்று பெட்டி எண்ண வேண்டியிருக்கும். இன்ஜினியரின் விரல் ஊர்ந்து, தலைமுடி போன்ற ஒரு கோட்டில் நின்றது.

“இது என்னய்யா?”

“அது வேண்டாம் சார்.”

“வேணுமா வேண்டாமான்னா கேட்டேன்? என்னன்னு கேட்டேன்.”

“முட்டுச் சந்து சார். முழங்கால் சேறு. ஓடுறவங்க ஷூவை அதுக்குத் தானம் பண்ணிட்டுத்தான் வெளியே வரணும். ரோடு கேட்டுப் பதினோரு வருஷமா மனு கொடுக்கிறாங்களாம். மண்ணு இளக்கம், போட முடியாதுன்னே பதில் வருதாம்.”

“எந்த முட்டாள் அப்படி எழுதினான்?”

“நீங்கதான் சார்.”

இன்ஜினியர் ஒரு தடவை இருமினார். “சரி, நீளம் எவ்வளவு?”

“நூத்தித் தொண்ணூறு,” என்றார் அளவுக்காரர். சைக்கிளையும் தொடவில்லை, வரைபடத்தையும் பார்க்கவில்லை.

“போய்த் திரும்பினா முன்னூத்தி எண்பது!” இன்ஜினியர் துள்ளி எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். இன்ஜினியரின் பேன்ட்டின் பின்பக்கம் மஞ்சளாக மின்னியது.

“சரிப்படாது சார். வேற இடம் பாருங்க சார்,” என்று அளவுக்காரர் கெஞ்சினார். அவர் கெஞ்சக் கெஞ்ச இன்ஜினியருக்குப் பிடிவாதம் ஏறிக்கொண்டே போனது.

முதல் நாள் வடிகால் வந்தது. இரண்டாம் நாள் ஜல்லி. மூன்றாம் நாள் தார். பதினோரு வருஷம் இளகிக் கிடந்த மண், பெரிய இன்ஜினியர் ஒரு முறை முறைத்ததும் இறுகிவிட்டது. சந்துக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ரோடு அழுக்காகிவிடுமாம்.

ஆய்வாளர் வந்தார். சொந்தச் சைக்கிளில் முழுப் பாதையையும் அளந்தார். ஒரு தாளில் எண்ணை எழுதி நீட்டினார். வாங்கிப் பார்த்த இன்ஜினியருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

“முன்னூத்தி எண்பது மீட்டர்... ஜாஸ்தியா?”

ஆய்வாளர் பென்சிலை எடுத்து, வரைபடத்தில் அந்தச் சந்தை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்தார். பழைய பாதையே அச்சுப் பிசகாமல் சரியாகத்தான் இருந்ததாம்.

“அடப் பாவி! என்னத்தைய்யா அளந்தே?”

“டயர்ல காத்து கொஞ்சம் கூடிப் போச்சு போல சார். சக்கரம் பெருத்தா சுத்து குறையும்.”

“லீவு கேட்டியே, எடுத்துக்கோ! ஆயுசுக்கும் எடுத்துக்கோ! இனிமே இந்த ஆபீஸ் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே!”

பதினெட்டு வருஷ வேலை அத்தோடு போயிற்று. அளவுக்காரர் சக்கரத்திலிருந்து கருவியைக் கழற்றி ஜீப்பில் வைத்தார். ஒரு கும்பிடு போட்டார். பிறகு நாய் துரத்துகிற மாதிரி சைக்கிளை மிதித்தார்.

வீட்டு நிலைப்படியைப் பிடித்தபடி அவர் மனைவி நின்றிருந்தாள். பல்லைக் கடித்தும் முனகல் அடங்கவில்லை. “வந்துட்டீங்களா... இந்தத் தடவையாவது...” என்றாள்.

அவர் போனை எடுத்து அழுத்தினார்.

“விலாசமெல்லாம் சொல்லவே வேணாம்ப்பா,” என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர். “போன தடவை சேத்துல நீ அந்தப் பொண்ணைத் தூக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள, குழந்தை... அது மறக்குமா? இந்தத் தடவை முன்கூட்டியே மெயின் ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்துடு. நான் அங்கே நிக்கிறேன்.”

“வேணாம்ண்ணே, நேரா வாசலுக்கே வாங்க. ரோடு போட்டுட்டேன்.”