கரையில் இறங்குகிறவன்

காது கிழிகிற சத்தத்தோடு, தாம்பரம் பக்கமிருந்து வந்த போர் விமானம் ஒன்று பிள்ளைப்பாக்கத்தின் மேல் பறந்தது.

"பாத்தியாடா சாம்சன்! இனிமே சண்டைன்னா இதான். உன் கப்பல் இன்னாத்துக்கு?" என்றார் யாக்கோபு.

மகன் சிரித்தான். "பிளேன் குண்டைப் போட்டுட்டுப் பூடும்பா. ஊரைப் பிடிக்கணும்னா, கப்பல்ல வந்து கரையில எறங்குற சோல்ஜர்தான் வோணும். எந்தக் காலத்துக்கும் அவன் வோணும்."

"ஒத்துக்க மாட்டியே!"

"நேவியில செலக்ட் ஆனேன். நீ வுட்டிருந்தா நானும் அப்படி எறங்கியிருப்பேன்."

யாக்கோபு குழம்புச் சோற்றை உருண்டை பிடித்து, இருபத்தைந்து வயது மகனின் வாயில் ஊட்டினார்.

"இன்னாப்பா, அழுவுறியா?"

"சண்டைக்குப் போனா கை கால் பூடும்னு பயந்துதானேடா, உன்னைக் கம்பெனியில சேத்தேன். ரெண்டு கையையும் அந்த பிரஸ் மெஷின் வாங்கிக்கிச்சே!"