கிழக்கு எந்தப் பக்கம்

பால் பானையை மின்னடுப்பில் வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

“கிழக்கு எந்தப் பக்கம்?”

கணவன் கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினான்.

தைப்பொங்கல். காலை எட்டு மணி. வெளியே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. யன்னலின் அடிப்பாதியைப் பனி மூடியிருந்தது.

நோர்வேயின் வடகோடியில், அவன் மீன் வெட்டும் ஊருக்கு, ஆங்கிலப் புதுவருடம் கழிந்துதான் அவள் மணப்பெண்ணாக வந்திருந்தாள்.

வந்த நாளிலிருந்து இருட்டு.

நண்பகலில் கொஞ்ச நேரம் நீலமாக வெளுக்கும். பிறகு அதுவும் இல்லை. கேட்டபோதெல்லாம் முகில் என்றான்.

“முகில் எண்டாலும் பரவாயில்லை. பக்கத்தைச் சொல்லுங்கோ. படைக்கவேணும்.”

அவன் கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

“இண்டைக்குச் சூரியன் வராது.”

அவள் திரும்பினாள்.

“முகில் இல்லை. இங்க இப்பிடித்தான். கார்த்திகையில போனது. அடுத்த கிழமைதான் வரும்.”

பால் பொங்கி வழிந்தது.

அவள் அடுப்பை அணைக்கவில்லை.

எல்லாம் சொல்லியிருந்தான். கம்பளிக் காலுறை சொன்னான். அடியில் முள் வைத்த சப்பாத்து சொன்னான். ஈரத்தலையோடு வெளியே போனால் மயிர் விறைத்துவிடும், வெறுங்கையால் இரும்பைத் தொடக்கூடாது, எல்லாம். ஒவ்வொரு தொலைபேசியிலும், அவ்வளவு அக்கறையாக.

“ஏன் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா வந்திருப்பீரே?”

துணியைச் சுற்றிப் பானையைத் தூக்கினாள். காலால் கதவை உதைத்துத் திறந்தாள். கொதிக்கிற பாலை வாசலில் வீசி ஊற்றினாள்.

ஆவி எழுந்து அடங்கியது.

வெள்ளையில் வெள்ளை. ஊற்றிய இடம்கூடத் தெரியவில்லை.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வெறும் பானையையும் எறிந்தாள். அது சத்தமில்லாமல் பனிக்குள் புதைந்தது.

மூக்குக்குள் ஈரம் உறைந்து குத்தியது.

இதையும் சொல்லியிருந்தான்.

உள்ளே தொலைபேசி அடித்தது.

வெள்ளவத்தையிலிருந்து தங்கச்சி கௌசி. அவளுக்கும் இதே ஊரில்தான் மாப்பிள்ளை. இவனுடைய கூட்டாளி ரமணன். பேசி முடித்து வைத்ததே இவன்.

“அக்கா, விசா சரிவந்திட்டுது. குளிருக்கு இன்னும் என்ன கொண்டுவர? சப்பாத்து, காலுறை எல்லாம் அவர் சொன்னவர்.”

“சூரியனைப் பற்றிச் சொன்னவரே?”

“சூரியனோ?”

அவன் எழுந்தான். வேண்டாம் என்று தலையாட்டினான். இரண்டு கைகளையும் கூப்பினான்.

அவள் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ஒன்றும் விடாமல் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை. முகில் என்று ஏமாந்ததையும் சொன்னாள். கிழக்கு கேட்டதையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் வெள்ளவத்தைப் பெருந்தெருவில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அங்கே இப்போது உச்சி வெயில்.

பிறகு கௌசி கேட்டாள்.

“அப்ப நான் வரவேண்டாமோ, அக்கா?”

அவள் வாயைத் திறந்தாள். கௌசி வராவிட்டால் இந்த ஊரில் அவளுக்கென்று யாரும் இல்லை.

பின்னால், அவன் கூப்பிய கைகளை இன்னும் இறக்கவில்லை.