பிரேமலாவின் பிடிவாதம்

"மறுபடியும் மாத்திட்டாங்க போஸ். அஞ்சும் பழசுக்கே போயிருச்சு."

முதலாளி முருகப்பன் முன்னால் நின்று பொருமினான் லோகேஸ்வரன். தெப்ராவில் கண்டெய்னர் சரக்குக்குச் சுங்கப் படிவம் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

ஐந்தும் லினக்ஸ் கணினிகள். திரையில் படம் காட்டும் வேலையை இத்தனை நாளும் எக்ஸ்-ஆர்க் என்ற பழைய அமைப்புதான் செய்து வந்தது. அதில் ஒரு புரோகிராம் இன்னொன்றை எட்டிப் பார்க்கலாம், உள்ளே கையும் வைக்கலாம். அடுத்தவர் சரக்கு விவரமெல்லாம் கிடக்கிற இடத்தில் அது ஆபத்து என்று, வேலண்ட் என்ற புது அமைப்புக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டான்.

மாற்றி என்ன பிரயோசனம்? காலையில் கதவைத் திறப்பது பிரேமலா. சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு, ஐந்து கணினிக்கும் பாஸ்வேர்ட் போட்டுத் திறந்து வைப்பாள். பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் மூலையில் சின்னதாக ஒரு பல்சக்கரப் படம் இருக்கும். அதை அழுத்திப் பழசைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முடிந்தது கதை.

முருகப்பன் அவளை நடு அலுவலகத்தில் நிற்க வைத்துக் கேட்டார். மருத்துவமனைக்குப் போக லீவு எடுத்திருந்த சுகுமாறனைத் தவிர எல்லாரும் இருந்தார்கள்.

"பழசே பழகிருச்சு போஸ். புதுசு கண்ணுக்குப் புடிக்கல லா" என்றாள்.

அவருக்கு எரிச்சலாகிவிட்டது. பாசிர் கூடாங்கில் திறக்கப்போகும் கிளைக்கு அவளைத்தான் சூப்பர்வைசராகப் போடுவதாக இருந்தார். அவளும் வருஷக்கணக்காக அதற்குத்தான் காத்திருந்தாள். வீட்டில்கூடச் சொல்லியாகிவிட்டது.

"ஒரு ஸ்கிரீனையே மாத்திக்க முடியாதவங்க ஒரு கிளையை எப்படிம்மா நடத்துவீங்க? உங்களுக்குப் பதிலா ஷர்மினி போகட்டும்."

பிரேமலாவின் முகம் செத்துப்போயிற்று. இப்போதாவது இறங்கி வருவாள் என்று பார்த்தால், சரி என்று தலையாட்டிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இப்படியும் ஒரு வீம்பு உண்டா என்று ஷர்மினியே வாய்விட்டுச் சொன்னாள்.

லோகேஸ்வரனுக்கு அதுவும் போதவில்லை. பழைய அமைப்பையே அடியோடு நீக்கிவிட்டால் அப்புறம் எதை மாற்றுவாள்? மறுநாள் அவளோடு கூடவே உள்ளே நுழைந்து, ஓரத்து மேசைக் கணினியில் வேலையை ஆரம்பித்தான்.

பிரேமலா ஊதுபத்தியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அதுல எடுக்காதீங்க தம்பி. சுகுமாறன் அண்ணனோடது."

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. சுகுமாறனுக்குக் கொஞ்ச காலமாகக் கை நடுக்கம். ஒரு வரியில் மவுஸை வைத்தால் அடுத்த வரியில் போய் விழுமாம். அந்த ஆட்டத்தை அடக்கிக் காட்ட ஒரு சின்ன புரோகிராமை அவரே எங்கோ தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார். அது மற்ற புரோகிராம்களுக்குள் கை வைத்துத்தான் வேலை செய்யும். புது அமைப்போ அதை உள்ளேயே விடுவதில்லை. மகள் படிப்பை முடிக்கும் வரைக்குமாவது வேலை நிலைக்க வேண்டும் என்று, பிரேமலாவிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறார். கை ஆடுகிறவரிடம் சுங்கப் படிவத்தைக் கொடுக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்?

லோகேஸ்வரன் மவுஸை விட்டு எழுந்துவிட்டான். தன் புகாரால் நேற்று அவள் எல்லார் முன்னாலும் நிற்க நேர்ந்ததை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அப்ப அவரோடத மட்டும் மாத்தியிருக்கலாமே அக்கா? மத்த நாலையும் எதுக்குத் தொட்டீங்க? அநியாயமா உங்க பதவி போச்சே."

பிரேமலா அடுத்த கணினியை ஆன் செய்தாள்.

"ஒன்னு மட்டும் பழசா இருந்தா, ஏன்னு அவரைக் கேப்பாங்க தம்பி. அஞ்சும் பழசா இருந்தா, என்னைத்தானே கேப்பாங்க."