ஏழு கால் சிலந்தி

காலுக்கு மஞ்சள் பூசாமல் வாசல் தாண்டமாட்டாள் மருதாத்தாள். எழுபத்து நான்கு வயதில் வாளையாரில் லாரி ஏறி இறந்தவளை, ஒரு கால் கிடைக்காமலேயே புதைத்தார்கள். மூன்றாம் மாதம் அவள் புருஷன் ரத்தினசாமி சிலந்தி வளர்க்கக் கிளம்பினார். எங்கள் தெருவுக்குப் பேச அது போதாதா? காந்தலூர்க் காய்கறி வண்டிக்காரன் உள்ளங்கை அகலத்தில் மூன்று ரோமச் சிலந்திகளைக் கொண்டுவந்தான். நீலத்தையும் கறுப்பையும் தள்ளிவிட்டு, ஏழு கால்களே இருந்த பழுப்பை எடுத்தார்.

"ஏனுங்கண்ணா, போயும் போயும் நொண்டியவா எடுப்பீங்க?" என்றேன்.

"மத்ததுக்கெல்லாம் காலு இருக்குதே அம்மிணி."

நேற்று வழக்கம்போல அவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். சிலந்தி சட்டை உரித்திருந்தது. அதை வளர்த்த ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிக்கொண்டு அவர் அழுதார். புதிதாக முளைத்த எட்டாவது காலில் மட்டும் மஞ்சள் பூசியிருந்தது.